ஆளுக்கோர் அடுப்பு

சத்தியப்பிரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று காரைக்குடியில் ஒருத்தருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் மாமியாரிடம் கேட்டால், "கம்ப்யூட்டருக்கு உடம்பு பாக்குறா" என்பார். செக்காலை ரோட்டில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருப்பவர், அவள் ஊர்க் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்கிறவள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். கணவர் சேதுபதிக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. அவரிடம் கேட்டால், "எனக்கும் சொன்னா. புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். நான் ரேணுகா. கல்லூரியில் அவளுக்குப் பக்கத்து இருக்கை, இப்போது மாடி அறையில் எதிர் மேசை. எல்லாம் தெரிந்த என்னைக் கேட்டாலும், பாத்திரக்கடைக்காரர் சொல்வதுதான் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்பேன்.

விஷயம் இதுதான். உலகத்தில் ஏகப்பட்ட மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். உள்ளே இருக்கும் 'கோட்' என்கிற நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். யாரோ நாலு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் அதை எழுதிப் பராமரிப்பார்கள். அந்த நாலு பேரை நம்பி ஓர் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ தன் வேலையை அதன்மேல் கட்டிக்கொள்ளும். நாளைக்கே அந்த நாலு பேருக்குள் சண்டை வந்தால்? சலித்துப்போய் விட்டுவிட்டால்? அதனால் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அந்தக் கூட்டம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோட் எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பேன். ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சத்தியப்பிரியா பார்ப்பாள்.

அவள் காளையார்கோவில் பக்கத்து ஊர்க்காரி, விவசாயக் குடும்பம். படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியின் முக்கால்வாசி வேலை ஓர் இலவச மென்பொருளின் மேல் நின்றது. அதை எழுதியவர் எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒற்றை மனிதர். இது ஏன் ஓடவில்லை, அது எப்போது வரும் என்று ஊர் உலகமெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவர், "எனக்கு ஒரு தோட்டம் இருக்கிறது, நான் போகிறேன்" என்று எழுதிவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார். கம்பெனியில் எல்லோரும் இனிமேல் கோட் வேலையை யார் பார்ப்பது என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இவள் ஒருத்திதான் உட்கார்ந்து அந்த மனிதருடைய பழைய பதில்களைப் படித்தாள். "ஒரு வருசமா இந்த மனுசன் ஓஞ்சுபோய்க்கிட்டே இருந்திருக்காருடி. பதிலைப் படிச்சாலே தெரியுது. யாருமே பாக்கல" என்று எனக்குப் போன் செய்து அழுதாள். முகம் தெரியாத ஆளுக்காக இப்படியா அழுவார்கள் என்று நான் அதட்டினேன். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்ததும் அதையே தொழிலாக்கி, சும்மா கிடந்த என்னையும் இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

அவள் பார்க்கிற விதமே தனி. முகப்புப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெருமைகளைச் சீந்தவே மாட்டாள். நேராகச் சண்டை நடந்த இடத்துக்குப் போவாள். புதிதாக வந்தவன் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டால் என்ன சொல்கிறார்கள்? முக்கியமான ஆள் ஊருக்குப் போயிருந்தபோது வேலை நடந்ததா? வெளியிலிருந்து ஒருவன் ஆசையாகத் திருத்தம் அனுப்பி, அது சரியில்லை என்றால், அவனை எந்த வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்? "சரின்னு சொல்றது எல்லாருக்கும் வரும். வேண்டாம்னு எப்படிச் சொல்றாகன்னு பாருடி, வண்டவாளம் மொத்தமும் தெரிஞ்சிரும்" என்பாள். இது போக ஒரு விதி வைத்திருந்தாள். மதிப்பிடுகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பெரும்பாலும் எல்லாம் இணையத்தில்தான் என்பதால் அந்த விதியால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை, 'பந்தி' வரும்வரை.

பந்தியைக் கொண்டுவந்தவர் தண்டாயுதபாணி. மதுரைப் பக்கம் மாணவர் விடுதிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் செயலாளர். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சோறு மிஞ்சுது, திங்கக்கிழமை பத்தலை. எல்லா விடுதியிலயும் இதே கூத்துதாம்மா. ஒரு விடுதியில மட்டும் சமையல்காரம்மா சோலையம்மாள் போன்ல 'பந்தி'ன்னு ஒண்ணை வச்சுக்கிட்டு, எத்தனை பேரு, என்ன பதார்த்தம்னு போட்டா எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்புன்னு அது சொல்லுதாம். அங்க மட்டும் மிச்சமும் இல்ல, குறையும் இல்ல. எல்லா விடுதிக்கும் அதையே எடுத்துக்கலாம்னு இருக்கோம். எடுத்தா, அதை எழுதினவுகள்ல ஒருத்தரையே சம்பளம் குடுத்துப் பாத்துக்கச் சொல்லிருவோம். ஆனா அஞ்சு வருசம் கழிச்சும் அது இருக்குமா? நீங்கதான் சொல்லணும். வேண்டாம்னா, ஒரு கம்பெனிக்காரன் எங்க வாசல்லயே நிக்கிறான்."

ஆக, இவள் 'சரி' என்றால் பந்திக்கு வாழ்வு. 'வேண்டாம்' என்றால் அந்தக் கம்பெனிக்காரன் உள்ளே வந்துவிடுவான், பந்தி அப்படியே அநாதையாகக் கிடக்கும்.

கோட் என் பங்கு. திறந்து பார்த்தேன். அவ்வளவு சுத்தம். அடுக்களையைத் துடைத்து வைத்ததுபோல இருந்தது. "கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு எழுதிரலாம்டி" என்றேன். சத்தியப்பிரியா தன் திரையை என் பக்கம் திருப்பினாள். ஆரம்பம் முதல் இன்றுவரை எல்லா வேலையும் ஒரே பெயரில் இருந்தது. 'சா.முரு. வீடு'. எழுதியது அவர், திருத்தியது அவர், கேள்விக்குப் பதில் சொன்னதும் அவரேதான். ஒற்றை ஆளை நம்பி நிற்கிற மென்பொருள் என்றால் அவளுக்கு உடனே அந்தத் தோட்டக்கார மனிதர் ஞாபகம் வந்துவிடும்.

"படி" என்றாள். பந்தியின் இணையப் பக்கத்தில் சாம்பாரைப் பற்றி நடந்த ஒரு பேச்சு. பேசியது முழுக்கச் சா.முரு. வீடு. பேசப்பட்டதும் அதே சா.முரு. வீடுதான்.

"நூறு பேர் சாம்பாருக்கு இந்தப் பருப்பு போதும்."

"போதாது. போன வாரம் நம்ம வீட்டு விசேசத்துக்கே பத்தலை."

"அது பருப்போட தப்பில்ல. நீ பரிமாறுன கரண்டியோட தப்பு."

"என் கரண்டியைப் பத்தி நாலு பேர் பாக்குற இடத்துல பேசாதீக."

"நான் ஒண்ணும் பேசலை. ஆளை விடு."

அதற்குப் பிறகு சில நாள் ஒரு சத்தமும் இல்லை. கோபித்துக்கொண்டு போனது யார் யாரிடம் என்றுதான் தெரியவில்லை. பிறகு அதே பெயரில் இன்னொரு பதில்: "கரண்டி அளவையும் சேர்த்துவிட்டேன். இனிமேல் சின்னக் கரண்டி, பெரிய கரண்டி என்று அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சுட்டிக்காட்டிய இருவருக்கும் நன்றி."

நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். "இருவர் யாருடி? தன்னையே திட்டிக்கிட்டு, தன்கிட்டயே கோவிச்சுக்கிட்டு, தனக்கே நன்றியும் சொல்லிக்கிறான். சமூக ஆரோக்கியம் இருக்கட்டும், முதல்ல இந்த ஆளை ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிப்போகச் சொல்லு."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேலே படித்துக்கொண்டு போனாள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் ஆறிப்போயிற்று. கடைசியில் நிமிர்ந்து சொன்னாள்: "இது ஒரு ஆள் இல்லடி. ஒரு வீடு. ஒரு ஆம்பளை அதட்டுறாரு, ஒரு அம்மா ரோசப்படுறாக, வெளியூர்ல இருந்து ஒரு பையன் எழுதுறான், கூட ஒரு குறும்புக்காரப் பொண்ணு. இன்னொரு ஆளும் இருக்கு. அது 'நான்'னு அதிகம் சொல்றதே இல்ல. எல்லாச் சண்டையும் அதுகிட்ட வந்துதான் முடியுது."

அன்றைக்கே அவள் வேறு பெயரில் தன் வழக்கமான அசட்டுக் கேள்வியைப் போட்டாள். "நான் பத்துப் பேருக்குத்தான் சமைக்கிறேன், இது எனக்கு ஆகுமா?" சாயங்காலத்துக்குள் பதில் வந்தது: "ஆகும். பத்துப் பேரும் வயிறாரச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே? எந்த இடத்தில் சிக்கலாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்." சத்தியப்பிரியா அதை இரண்டு தடவை படித்தாள். "அந்த அஞ்சாவது ஆளு" என்றாள்.

பிறகு முறைப்படி தன் பெயரில் எழுதிக் கேட்டாள்: உங்கள் திட்டத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? பதில் சுருக்கமாக வந்தது. "எங்கள் வீட்டில் இரண்டு புள்ளி."

காரைக்குடியில் பிறந்த எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. செட்டியார் வீடுகளில் கோயில் வரி கட்டுவதற்குத் தலையை எண்ணமாட்டார்கள், புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஆக இரண்டு தம்பதி, நாலு பேர். "பார், நாலு பேர் இருக்காக. எழுது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு அஞ்சு குரல் கேக்குதே. கல்யாணம் ஆகாத ஆளு புள்ளியில வருமா?"

வராது. கோயிலில் பிறந்து வளர்ந்த வழக்கத்தை இணையத்திலும் கொண்டுவந்து வைத்த வீட்டை நேரில் பார்க்க எனக்கே ஆசை வந்துவிட்டது. எங்கே என்று விசாரித்தால், ஆத்தங்குடி. ஊர் உலகத்தையெல்லாம் திரையில் மதிப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் ஒரு வேலை.

வீட்டுக்காரர் முருகப்பன். மலேசியாவில் ஓட்டல் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மனைவி தேனம்மை, உறவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் சமையல்கட்டுக்குப் பொறுப்பு அவர்தான். மகன் ஆதித்தனும் மருமகள் சௌபர்ணிகாவும் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. இதுதான் இரண்டு புள்ளி. நாங்கள் உட்காருவதற்குள் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வந்துவிட்டன. கொண்டுவந்து வைத்தது மகள் நித்யஸ்ரீ. வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"சாப்பிடுங்கம்மா" என்றார் தேனம்மை.

"மன்னிச்சுக்கங்க ஆச்சி. மதிப்பிடப் போற இடத்துல நான் எதுவும் சாப்பிடுறதில்ல" என்றாள் சத்தியப்பிரியா.

தேனம்மையின் முகம் விழுந்துவிட்டது. "வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட இருக்கீகளே? காப்பியாவது?"

"வேண்டாம் ஆச்சி."

நான் கோட் பார்க்கிறவள், கோட் ஏற்கெனவே நன்றாக இருந்தது, ஆகவே அந்த விதி எனக்குப் பொருந்தாது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டு பணியாரத்தை எடுத்தேன். சத்தியப்பிரியா பார்த்த பார்வையில் அது தொண்டையில் கொஞ்சம் நின்றது. அடுத்ததற்கு அந்தச் சிரமம் இல்லை.

ஏன் எல்லோரும் ஒரே பெயரில் எழுதுகிறீர்கள் என்று அவள் கேட்டதும் முருகப்பனுக்கு ஆச்சரியம். "வேற எப்படிம்மா எழுதுறது? ஆதித்தன் லீவுக்கு வந்தப்ப சா.முரு.ன்னு எங்க வீட்டு விலாசப் பேர்ல ஒரு கணக்கு திறந்து குடுத்தான். அதுலதான் எல்லாரும் எழுதுறோம். எங்க வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் சா.முரு. வீடுன்னுதானே வெட்டியிருக்கு? ஒரு அண்டாவுல ஆளுக்கொரு பேரா வெட்டுவாக?"

"புதுசா வர்றவுகளுக்குப் பதில் எழுதுறது யாருங்க ஐயா?"

அவர் மனைவியைப் பார்த்தார். தேனம்மை, "நித்யாதான்" என்றார்.

"தப்பு வந்தா கோட்ல திருத்துறது?"

"அதுவும் அவதான்."

"மத்தவுக எழுதினதைச் சரிபாத்து, புதுப் பதிப்பு வெளியிடுறது?"

இந்தத் தடவை முருகப்பன் கதவோரம் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அது சின்னப் பிள்ளைம்மா. புள்ளியில வராது. அதான் எழுதலை" என்றார்.

சின்னப் பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. முதல் தடவையாக அவள் பேசினாள். "அடுத்த மாசம் நான் பெங்களூரு போறேன்க்கா. ஏதோ ஒரு வேலை கிடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி போன ஒரு இன்டர்வியூவுல பந்தியைக் காட்டுனேன். 'இதுல உங்க பேரே இல்லையே, யாரோ சா.முரு. வீடுன்னு இருக்கே'ன்னு சிரிச்சாக. நான்தான் எழுதுனேன்னு சொன்னா நம்பலை. அப்புறம் நானும் சொல்றதை விட்டுட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் வாயில் இருந்தது ருசிக்கவில்லை.

சத்தியப்பிரியா சுற்றி வளைக்கத் தெரியாதவள். "நித்யஸ்ரீ போயிட்டா பந்தி நிக்காது ஐயா. அவுக இருக்கிறதே வெளிய தெரியலைன்னா, போனதும் தெரியாது. இன்னொண்ணு. விடுதியில சோலையம்மாள்னு ஒரு அம்மா ரசத்துக்கு ஒரு திருத்தம் அனுப்புனாக. நல்லா இருக்குன்னு சேத்துக்கிட்டீக. அதுவும் சா.முரு. வீட்டுப் பேர்லதான் இருக்கு. வெளியாளு எவ்வளவு செஞ்சாலும் உங்க அண்டாவுக்குள்ளதான் போகுது. இப்ப இருக்கிறபடி நான் சரின்னு எழுத முடியாது. ஆளாளுக்கு அவுகவுக பேர்ல கணக்கு வேணும்."

முருகப்பன் எழுந்துவிட்டார். "ஆளுக்கொரு பேரா? வீட்டைப் பிரிக்கச் சொல்றீகளாம்மா? என் அப்பச்சி காலத்துலயும் பிரியலை, என் காலத்துலயும் பிரியாது. விடுதிக்காரவுகளுக்கு வேணும்னா எடுக்கட்டும், வேண்டாம்னா போகட்டும்." உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. தேனம்மை வாசல் வரை வந்து, "கோவக்காரரு, மனசுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, எனக்கு மட்டும் ஒரு டப்பாவில் பணியாரம் கட்டிக் கொடுத்தார்.

வழியெல்லாம் நான் இவளோடு சண்டை போட்டேன். "நாலு பேர், அஞ்சு பேர்னு அறிக்கையில எழுதிட்டுப் போயேன். பொய் இல்லையே! அந்தப் பொண்ணுக்கு ஊர்லயே வேலை கிடைக்கும்ல? சம்பளத்துக்கு ஒருத்தரை வைக்கிறோம்னு அந்த மனுசன் சொன்னாரா இல்லையா?"

"நான் எழுதி என்னடி? நாளைக்கு அந்தச் செயலாளர் திறந்து பாத்தா ஒரு பேருதான் இருக்கும். அந்தப் பொண்ணு பேரு அப்பவும் இருக்காது." ஸ்கூட்டரை ஓட்டியபடியே சொன்னாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு இருந்த வருத்தத்தைவிட அவளுக்குத்தான் அதிகம். டப்பாவைத் திறந்து நீட்டினேன். "தொலைச்சிருவேன்" என்றாள்.

மதிப்பீட்டை முதலில் மதிப்பிடப்பட்டவர்களிடம், எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு விதி. பந்தியின் பக்கத்தில் எழுதினாள். இந்த மென்பொருளை நல்லவர்கள் எழுதுகிறார்கள், அன்பாகப் பதில் சொல்கிறார்கள், சண்டை போட்டாலும் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்று வெளியே தெரியவில்லை. அது தெரியாதவரை மற்றவர்கள் இதை நம்பி எடுத்துக்கொள்ளும்படி என்னால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை அறிக்கை அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தால், சா.முரு. வீடு தனக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது. அப்பாவை அப்பச்சி என்று கூப்பிடுகிற வீடு அது.

"வீட்டு மானத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துட்டாக."

"அவுக சொன்னதுல என்ன தப்பு அப்பச்சி? என் ஆபீசுலயும் இதேதான் சொன்னாக."

"சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டுப் பேசுறது சுலபம்."

"அவர் மட்டும் இல்ல மாமா, நானும் இங்குட்டுத்தான் உக்காந்திருக்கேன். நான் எழுதுனதுக்குக்கூட அவருக்குத்தான் பாராட்டு வருது."

பந்தியைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒரே பெயர் ஒன்பது விதமாகப் பேசினால் யாருக்குத்தான் வேடிக்கையாக இருக்காது? கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேட்டரிங்காரர், "அண்ணே, நீங்க யாரு, அவுக யாருன்னு நடுநடுவே சொல்லுங்க, தலை சுத்துது" என்று எழுதினார். சோலையம்மாளும் எழுதியிருந்தார்: "நான் சொன்ன ரசத்துக்கு என் பேரு போட்டா எம் பேத்திகிட்டக் காட்டுவேன்." எனக்கு வேலையே ஓடவில்லை. கீழே போய் இரண்டு டீ வாங்கிவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பதில் வந்தது. யார் எழுதியது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"நமக்குக் கல்யாணம் ஆன மறுவருசம் உங்க அப்பச்சி நம்மளை வேற வைக்கலையா? அதே வீடு, அதே வாசல். அடுப்பு மட்டும் தனி. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் குடுத்து, நல்ல நாள் பாத்து வச்சாக. நான் தனியாச் சமைச்சேன், உங்க ஆத்தா தனியாச் சமைச்சாக. அன்னைக்கு வீடு பிரிஞ்சுபோச்சா? இல்ல, என் சமையல் எது, அவுக சமையல் எதுன்னு முதல் தடவையா எல்லாருக்கும் தெரிஞ்சுச்சா?"

செட்டியார் வீடுகளில் இது ஊரறிந்த வழக்கம். மகனுக்குக் கல்யாணமானால், அதே கூரைக்குக் கீழே அவனுக்கும் மனைவிக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வரவு செலவு அவர்களுடையது. வீடு மட்டும் எல்லோருக்கும். பிரித்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேறு வைத்தார்கள் என்றுதான் சொல்வார்கள், அதையும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அதே பெயரில்: "அது மகனுக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணை எப்படி வேற வைக்கிறது?"

உடனே சிங்கப்பூரிலிருந்து மருமகள்: "எந்தச் சட்டத்துல இருக்கு மாமா, கூடாதுன்னு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சா.முரு. வீடு வாயைத் திறக்கவில்லை. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை காலை சத்தியப்பிரியா 'வேண்டாம்' அறிக்கையை எழுதி முடித்து வைத்துவிட்டு, அதை அனுப்பவும் மனசில்லாமல் அழிக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்பெனிக்காரனை நான் பார்த்ததேயில்லை. இருந்தாலும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே பாத்திரக்கடையிலிருந்து பேர் வெட்டுகிற மிஷின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு அதட்டல். "கோணலா வெட்டாதீக! முதல்ல சின்னதா சா.முரு. வீடு. அதுக்குக் கீழ, நல்லாப் பெருசா, நித்யஸ்ரீ!"

இரண்டு பேரும் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினோம். முருகப்பன் ஒரு பித்தளைச் செம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணங்களா செட்டியாரே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல. வேற வைக்கிறோம்."

"கல்யாணம் ஆகாமலேயா? அதெப்படி வைப்பாக?"

"இப்பல்லாம் வைக்கிறாக" என்றார் முருகப்பன், ஏதோ ஊரெல்லாம் நடக்கிற காரியம்போல. பிறகு எங்களைப் பார்த்தார். கடைக்காரரும் பார்த்தார். கல்யாணம் விசாரிக்கிறவள் இந்தக் குடும்பத்தில் என்ன கலகம் செய்துவைத்தாளோ என்ற கவலை அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. முருகப்பன் சத்தியப்பிரியாவிடம் சொன்னார்: "நாளைக்கு நாள் நல்லா இருக்கும்மா. ரெண்டு பேரும் வந்திருங்க. சாப்பிடாட்டியும் பரவாயில்லை, வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் கோலம், வாழைமரம்தான் பாக்கி. பால் காய்ச்சிப் பொங்கவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் இருவரும் பட்டுடுத்திக்கொண்டு திரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சா.முரு. வீடு என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை, அது அப்படியே மேலே இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு கணக்கு. முதல் கணக்கை மகள்தான் திறக்க வேண்டும் என்று முருகப்பன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நித்யஸ்ரீ தன் பெயரை அடித்தாள். யார் என்ன செய்தார்கள் என்று பழைய வேலைகளுக்கும் எதிரே பெயர்களைப் போட்டாள். ரசத்துக்கு நேரே சோலையம்மாள் பெயர் வந்தது. இனிமேல் யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் அவள் சரி என்றால்தான் உள்ளே போகும் என்று மற்ற நாலு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாக முருகப்பன் தன் பெயரில் கணக்குத் திறந்தார். முதல் வேலையைக் கையோடு செய்துவிட வேண்டும் என்று அவருக்கு. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, விடுதிக் கூட்டுக்கு உப்பின் அளவைக் கூட்டச் சொல்லி ஒரு திருத்தம் அனுப்பினார். அனுப்பிவிட்டு, "ம், சேத்துரும்மா" என்று மகளைப் பார்த்தார். நித்யஸ்ரீ அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துப் படித்தாள், யோசித்தாள், எழுதினாள்.

"வணக்கம் முருகப்பன். பந்திக்கு உங்கள் முதல் திருத்தத்தை அனுப்பியதற்கு நன்றி. விடுதியில் சாப்பிடுகிறவர்கள் சிறுபிள்ளைகள் என்பதால் இந்த அளவு உப்பு அதிகம். அதனால் இதைச் சேர்க்க முடியவில்லை. பெரியவர்களுக்கான பந்திக்கு இது பொருத்தமாக இருக்கும். அங்கே சேர்த்துப் பார்க்கலாமா? உங்களோடு சேர்ந்து செய்யக் காத்திருக்கிறேன்."

வாழ்நாளில் இந்த மனிதரிடம் யாராவது முடியாது என்று எழுதிக் கொடுத்திருப்பார்களா? முருகப்பன் மூக்குக்கண்ணாடியை இறக்கி அதைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா? எம் பொண்ணு எவ்வளவு மரியாதையா வேண்டாங்கிறா!" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. நித்யஸ்ரீ சிரித்தாள், அன்றைக்குக் கதவோரம் நின்று சிரித்த மாதிரி இல்லை.

சத்தியப்பிரியா போனை எடுத்து ஓர் ஓரமாகப் போனாள். எழுதிவைத்திருந்த அறிக்கையை அழித்தாள். புதிதாக எழுதி என்னிடம் ஒரு தடவை காட்டினாள். 'எடுத்துக்கொள்ளலாம். இதைப் பராமரிப்பவர் நித்யஸ்ரீ. வெளியாட்கள் இன்னும் வர வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி வந்து பார்க்கிறேன்.' அங்கேயே தண்டாயுதபாணிக்கு அனுப்பினாள். அறக்கட்டளையின் சம்பள வேலை கிடைத்து, பெங்களூருக்குப் போட்ட டிக்கெட்டை அந்தப் பெண் ரத்துசெய்தது பிறகு நடந்தது.

அனுப்பி முடித்துப் போனைப் பைக்குள் போட்டாள். நேராகப் போய் விரித்திருந்த இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"மதிப்பீடு முடிஞ்சுபோச்சு ஆச்சி. இப்பப் போடுங்க."

தேனம்மை பெரிய கரண்டியை எடுத்தார்.